ஒரு சத்தமா, ரெண்டு சத்தமா

வண்டியில சத்தம் வருதுன்னு வர்றவங்ககிட்ட எனக்குப் பொறுமையே கிடையாது. "ஒரு மாதிரி சத்தம் வருதுண்ணே"ம்பாங்க. ஒரு மாதிரின்னா எந்த மாதிரின்னு கேட்டா முழிப்பாங்க. சிலர் வாயாலயே போட்டுக் காட்டுவாங்க. ஒருத்தர் தவளை மாதிரி கத்துவாரு, இன்னொருத்தர் விசிலடிப்பாரு, வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பாத்தா ரெண்டுமா இருக்காது. அதனால அவங்களை வாயை மூடச் சொல்லிட்டு நான் கேள்வியா கேப்பேன். காலையில குளிர்ந்து கெடக்கும்போது வருதா, சூடானப்புறம் வருதா? ஹெட்லைட்டைப் போட்டா கூடுதா? ரேஸ் கொடுத்தா சத்தமும் கூடவே ஏறுதா, இல்ல அங்கனயே நிக்குதா? விட்டு விட்டு வருதா, ஒரே இழுப்பா வருதா? இதுக்கு ஒழுங்கா பதில் சொல்லிட்டாங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது. ஆனா யாரு ஒழுங்கா சொல்றா?

விருதுநகர்ல இருந்து சிவகாசி போற ரோட்டுல, ஆமத்தூரைத் தாண்டி இருக்கு என் ஒர்க்‌ஷாப். என்கிட்ட வர்றது பூராவும் ரொம்ப வருசம் ஓடுன வண்டிக. அந்த வயசு வண்டியில முதல்ல முனக ஆரம்பிக்கிறது ஆல்டர்னேட்டர்தான். பேட்டரிக்கு கரண்டு ஏத்துறது அது. எங்க பக்கத்துல இன்னமும் டைனமோன்னுதான் சொல்லுவோம். உள்ள ரெண்டு பேரிங் உண்டு. கிரீஸ் காஞ்சு போச்சுன்னா அதுக்குள்ள இருக்கிற இரும்புக் குண்டுக உரச ஆரம்பிக்கும், சத்தம் வரும். உடனே ஊர்ல இருக்கிற அம்புட்டு மெக்கானிக்கும் டைனமோவைச் சுத்த விடுற பெல்ட்டைத்தான் மாத்துவாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும். பெல்ட்டு கத்துனா ஸ்டார்ட் பண்ணதும் கீச்சுன்னு கத்திட்டு அடங்கிரும். பேரிங் அடங்காது. ஊஊன்னு இழுக்கும், ரேஸ் ஏற ஏற அதுவும் ஏறும், லைட்டைப் போட்டா இன்னும் கனத்துப் போகும்.

அதுலயும் சந்தேகம் வந்துச்சுன்னா ஒரு வழி இருக்கு. நீளத் திருப்புளி, அதான் ஸ்க்ரூ டிரைவர், ஒண்ணை எடுத்து நுனியை டைனமோ உடம்புல ஊன்றி, கைப்பிடியைக் காதுக்கு முன்னால இருக்கிற எலும்புல அழுத்தணும். இன்னொரு காதை விரலால நல்லா அடைச்சுக்கணும். கண்ணையும் மூடிக்கணும். அப்ப பாருங்க, ரோடு இருக்காது, லாரி இருக்காது, பக்கத்துல நிக்கிற ஆளு இருக்க மாட்டான். உள்ள உருளுற குண்டு மட்டும்தான் இருக்கும். நல்ல பேரிங் மாவு சலிக்கிற மாதிரி சன்னமா ஓடும். தேஞ்சதுன்னா நடுவுல கல்லு கெடந்த மாதிரி கரகரங்கும். முன் பேரிங்கா பின் பேரிங்கான்னு கழட்டாமலே சொல்லிரலாம்.

என் வீட்டுக்காரிக்கு இதைப் பாத்தாலே சிரிப்பு. மத்தியானச் சோறு கொண்டாந்து கொடுக்கிற அன்னைக்கெல்லாம் கொஞ்ச நேரம் நின்னு வேடிக்கை பாப்பா. பூட்டுன டைனமோக்குள்ள குண்டு உருளுறது இவுகளுக்குக் கேக்குமாம், அடுப்படியில நின்னு கட்டுன பொண்டாட்டி தொண்டை கிழியக் கூப்பிட்டா கேக்காதாம்னு, பக்கத்து டீக்கடைக்காரர்கிட்ட என்னை வச்சுக்கிட்டே சொல்லுவா. அவரும் ஆமா போட்டுச் சிரிப்பாரு.

அவ ஆனைக்குட்டம் பக்கத்துல ஒரு வெடி ஆபீஸ்ல வேலை பாத்தா. பட்டாசு பண்ற இடத்தை நாங்க ஆபீஸ்னுதான் சொல்லுவோம். கல்யாணத்துக்கு முன்னாடியே போய்க்கிட்டிருந்தவ. மக பிறந்தப்ப நின்னா, மக பள்ளிக்கூடம் போனதும் திரும்பவும் போனா. மகளை நர்சுக்குப் படிக்க வச்சதுல பாதி அவ கை உழைப்பு. பெட்டியில அடுக்கி லேபிள் ஒட்டுற வேலை, வெடிமருந்து ரூம் பக்கமே தலை வச்சுப் படுக்கிறதில்லன்னு என்கிட்ட சொல்லியிருந்தா. ஆனா சீசன்ல லோடு ஏத்த அவசரமா நிக்கும்போது எந்த ரூம்ல ஆள் பத்தலயோ அங்க போய் உக்காந்துதான் ஆகணும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பத்தி நாங்க பேசிக்கிட்டதில்ல.

அன்னைக்கு வந்தது விருதுநகர் வத்தல் வியாபாரி அண்ணாச்சி ஒருத்தரோட காரு. பழைய டீசல் காரு, அவரு அப்பா வாங்குனது, விக்க மனசில்லாம வச்சிருந்தாரு. பெல்ட்டை ரெண்டு தரம் மாத்தியாச்சு, சத்தம் போகலன்னு அலுத்துக்கிட்டாரு. பெல்ட்டைக் கழட்டிட்டு எஞ்சினை ஓட்டிப் பாத்தேன், சத்தம் சுத்தமா இல்ல. அப்ப பெல்ட்டு சுத்துற ஏதோ ஒண்ணுதான். டைனமோவா, தண்ணிப் பம்ப்பான்னு பாக்கணும். பெல்ட்டைத் திரும்ப மாட்டி, அண்ணாச்சியை உக்காந்து லேசா ரேஸ் கொடுக்கச் சொல்லிட்டு, நான் திருப்புளியை வச்சு ஒரு காதை அடைச்சுக் கண்ணை மூடுனேன்.

தண்ணிப் பம்ப் நல்லா இருந்துச்சு. டைனமோ பின்பக்கம் பரவாயில்ல. முன்பக்கம் வச்சதும் கரகரன்னு கேட்டுச்சு. இருந்தாலும் இன்னொரு தரம் உறுதி பண்ணிக்குவோம்னு அப்படியே அழுத்திக்கிட்டு நின்னேன். அப்ப காலுக்கடியில ஏதோ அதிர்ந்த மாதிரி இருந்துச்சு. பழைய எஞ்சின், ஆட்டம் ஜாஸ்தின்னு நெனச்சேன்.

கண்ணைத் தொறந்து, முன் பேரிங்தான் அண்ணாச்சின்னு சொன்னேன். சீட்டுல ஆளில்ல. கார் கதவு தொறந்து கெடக்குது, எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு. திரும்பிப் பாத்தா அண்ணாச்சி, டீக்கடைக்காரர், டீ குடிக்க வந்தவங்க எல்லாரும் நடு ரோட்டுல நின்னுக்கிட்டு ஒரே திசையைப் பாக்குறாங்க.

எங்க பக்கத்துல வெடிச்சத்தம் ஒண்ணும் புதுசில்ல. சாயங்காலமானா சாம்பிள் வெடிச்சுப் பாப்பாங்க, அதுக்கு நாய்கூட திரும்பாது. ஆனா வேற ஒரு சத்தம் உண்டு. அது கேட்டா எல்லாரும் கையில இருக்கிறதை அப்படியே போட்டுட்டு வெளிய வந்து புகை எங்கன்னு பாப்பாங்க. புகை தெரிஞ்சா ஊர் தெரியும், ஊர் தெரிஞ்சா எந்த ஆபீஸ்னு தெரியும். அன்னைக்குப் புகை ஆனைக்குட்டம் பக்கம் நின்னுச்சு.

கிரீஸ் கையோட அவ நம்பரைப் போட்டேன். ரிங் போச்சு. ரிங் போனதும் எனக்கு வந்த சந்தோசத்தை இன்னைக்கு நெனச்சாலும் என்னையவே அடிச்சுக்கலாம்போல இருக்கு. ரிங் போகுது அண்ணாச்சி, ரிங் போகுதுன்னு கத்துனேன். அண்ணாச்சி என் மொகத்தைப் பாக்கல. வண்டியில ஏறுப்பான்னு மட்டும் சொன்னாரு. ஏறி உக்காந்தப்புறம்தான் எனக்கு உறைச்சுது. வெடி ஆபீஸ்ல வேலைக்குப் போறவங்க போனை உள்ள கொண்டுபோகக் கூடாது. கேட்லயே வாச்மேன்கிட்ட கொடுத்துட்டுத்தான் போகணும். எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் அந்த நிமிசம் தெரியல.

அந்தக் காரு வழி பூரா கத்துச்சு. அண்ணாச்சி விரட்ட விரட்ட அந்தப் பேரிங் ஊளையிட்டுக்கிட்டே வந்துச்சு. எனக்கு அதைத் தவிர வேற எதுவும் கேக்கல. கேட்டுக்கு முன்னால போலீஸ் கயிறு கட்டிட்டாங்க. வாச்மேன் ரூம் சுவத்துல அடுக்கடுக்கா மரப்பெட்டி அடிச்சு அதுலதான் போன்களை வச்சிருந்தாங்க. அம்புட்டுப் போனும் அடிக்குது. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பாட்டு. வாச்மேன் பெரியவர் எதையும் எடுக்காம தரையில உக்காந்து தலையில கை வச்சுக்கிட்டு இருந்தாரு. நான் திரும்பவும் அவ நம்பரைப் போட்டுக் காதுல வச்சேன், ரிங் போச்சு. எதிர்ல அவ போன் மினுங்கிக்கிட்டிருந்துச்சு.

மிச்சத்தை நான் சொல்லப் போறதில்ல. பெரியாஸ்பத்திரியில மூடித்தான் கொடுத்தாங்க. மூடுனபடியே கல்லறைக்குக் கொண்டு போனோம். மக கடைசியா அம்மா மொகத்தைப் பாக்கணும்னு அழுதா. நான் விடல.

அந்தக் காருக்கு நான் பேரிங் மாத்தல. அண்ணாச்சி வேற யார்கிட்டயோ மாத்திக்கிட்டதா சொன்னாங்க.

துக்கம் கேக்க வந்தவங்க எல்லாரும் ஒண்ணையேதான் பேசுனாங்க. சத்தம் கேட்டப்ப நான் இங்கன நின்னேன், நான் சோறு வடிச்சுக்கிட்டிருந்தேன், எங்க வீட்டுச் சன்னல் கதவு தானா அடிச்சுதுன்னு. எங்க பக்கத்துல அது வழக்கம், அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. சத்தத்தைச் சொல்லித்தான் துக்கத்தைச் சொல்லுவாங்க. அம்புட்டுப் பேருக்கும் கேட்டிருக்கு. விருதுநகர் ஸ்டேசன்ல ரயிலுக்கு நின்னவருக்குக்கூட கேட்டிருக்கு. கட்டுன புருசன் எனக்குக் கேக்கல. நான் ஒரு தேஞ்சுபோன பேரிங்கைக் கேட்டுக்கிட்டிருந்தேன்.

கொஞ்ச நாள் கழிச்சு நானா கேக்க ஆரம்பிச்சேன். ஒரு சத்தமா, ரெண்டு சத்தமான்னு.

ஏன்னு சொல்றேன். வெடி ஆபீஸ்ல ரூமுக எல்லாம் தள்ளித் தள்ளி இருக்கும். ஒண்ணு போனா மத்தது தப்பிக்கட்டும்னுதான் அப்படிக் கட்டுறது. அன்னைக்குப் போனது ரெண்டு ரூம். அதுல ஒண்ணுலதான் அவ இருந்தா. ரெண்டும் ஒரே நேரத்துல, ஒரே சத்தமா போயிருந்தா, அவளுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. லேபிளைக் கையில எடுத்தவ எடுத்தபடியே போயிருப்பா. பக்கத்து ரூம் முதல்ல போயி, தீ பரவி, அப்புறமா இவ ரூம் போயிருந்தா, நடுவுல ஒரு நேரம் இருந்திருக்கும். அந்த நேரத்துல அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். எந்திரிச்சிருப்பா, கதவைப் பாத்து ஓடியிருப்பா, எங்க பேரைச் சொல்லிக் கத்தியிருப்பா. எனக்கு அந்த நேரம் இருந்துச்சா இல்லையான்னு தெரியணும். அது இல்லேன்னு யாராவது சொல்லிட்டா நான் தூங்கிருவேன்னு நெனச்சேன்.

டீக்கடைக்காரர் ஒண்ணுன்னாரு, அடுத்த வாரம் கேட்டா ரெண்டோன்னாரு. அண்ணாச்சி, ஒண்ணு பெருசு, பின்னால ஒரு முனகல்னாரு. பஸ் டிரைவர் ஒருத்தர் மூணுன்னாரு. மாதா கோயில்ல சாமியார்கிட்டகூட கேட்டேன். பூசை வச்சுக்கிட்டிருந்தாராம், நல்லா ஞாபகமில்ல மகனேன்னாரு. எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. சத்தத்தைச் சொல்லத் தெரியாத ஜனங்க. கேள்வியை மாத்தி மாத்திப் போட்டேன். கனமான சத்தமா, வெட்டுன மாதிரியா? இழுத்துச்சா, உடனே நின்னுச்சா? ரெண்டாவது அதே அளவா, கொறைச்சலா? சிலர் என் தோளைத் தொட்டுட்டுப் போயிட்டாங்க. அவங்களைச் சொல்லியும் குத்தமில்ல. ஆனைக்குட்டம் டேம் கரையில பட்டுத் திரும்புனா ஒரு சத்தம் ரெண்டா கேக்கும். தூரத்துல நின்னா ரெண்டும் ஒண்ணா கேக்கும். வெளிய நின்னவன் சொல்றதை வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. பக்கத்துல வச்சுக் கேட்டவங்கதான் சொல்லணும்.

கல்லறைத் திருநாளுக்கு மக மதுரையில இருந்து வந்திருந்தா. தீபாவளியை ஒட்டி வர்ற நாள் அது. மெழுகுவத்தி ஏத்தி வச்சுட்டு ரெண்டு பேரும் உக்காந்திருந்தோம். அவளுக்கு ஆஸ்பத்திரியில தீக்காய வார்டுலதான் வேலை. என்னென்ன பாத்திருப்பாளோ, என்கிட்ட சொன்னதில்ல. ஊர்க்காரங்க வந்து வந்து போனாங்க. எல்லாரும் போனப்புறம், மெழுகைச் சொரண்டிக்கிட்டே கேட்டா.

"அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமாப்பா?"

விசாரிச்சுச் சொல்றேம்மான்னேன். அவ தலையை ஆட்டிட்டு அன்னைக்கே பஸ் ஏறிப் போயிட்டா. அதுல இருந்து ஒவ்வொரு தடவை போன் பேசும்போதும் அந்தக் கேள்வி எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்துச்சு. அவ திரும்பக் கேக்கல. நானும் எடுக்கல.

போன மாசம் ஒரு பழைய காய்கறி வேன் வந்துச்சு. ஓட்டிக்கிட்டு வந்தவரு தன் சம்சாரத்தைக் கையைப் பிடிச்சு இறக்கி விட்டாரு. எனக்கு அவளைத் தெரியும். அன்னைக்கு அந்த ஆபீஸ்ல மூணாவது ரூம்ல இருந்த பொண்ணு. சுவத்தோட தூக்கி எறியப்பட்டு, ரொம்ப நாள் ஆஸ்பத்திரியில கெடந்து பொழைச்சு வந்தவ. கை பூரா தழும்பு. ஒரு காது சுத்தமா போச்சு, இன்னொண்ணு அரைகுறை. என் வீட்டுக்காரிகூட ஒரே வேன்ல வேலைக்குப் போனவ. அக்கா அக்கான்னு அவ பின்னாலயே சுத்துவா. அவளைத் தேடிப் போய்க் கேக்கணும்னு நான் எத்தனையோ தரம் கெளம்பியிருக்கேன். அவ தெரு முனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்திருக்கேன்.

புருசன்காரர் வண்டியில சத்தம்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போனாரு. அந்தப் பொண்ணு பெஞ்சுல உக்காந்தா. தனக்குச் சத்தம் கேக்காது, ஆனா ரேஸ் கொடுத்தா காலுக்கடியில தகரம் ஒரு மாதிரி நடுங்குதுண்ணேன்னா. ஒரு மாதிரின்னா எந்த மாதிரின்னு அவகிட்ட நான் கேக்கல. எஞ்சினை ஓட்டுனேன். திருப்புளியே வேண்டியதில்ல, முன் பேரிங் அம்புட்டு மோசம். எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைத் தளத்தி, டைனமோ புல்லியைக் கையால சுத்திப் பாத்தேன். மணலை அரைக்கிற மாதிரி வந்துச்சு. பிடிச்சு ஆட்டுனா ஆடுச்சு.

வேலை செஞ்சுக்கிட்டே கை எப்படியிருக்கும்மான்னு கேட்டேன். என்னண்ணேன்னு கொஞ்சம் கேக்குற காதைத் திருப்புனா. திரும்பச் சொன்னேன். பரவாயில்லண்ணேன்னா. பிள்ளை என்ன படிக்கிதுன்னேன். ஆங்ன்னு எந்திரிச்சுக் கிட்ட வந்தா. சத்தமா சொன்னப்புறம்தான் பதில் வந்துச்சு. எதைக் கேட்டாலும் ரெண்டு தரம் சொல்ல வேண்டியிருந்துச்சு.

டைனமோவைக் கழட்டிக் கையில எடுத்துட்டேன். அவ மொகத்தைப் பாத்துக் கேக்க எனக்குத் தெம்பில்ல. குனிஞ்சபடியே, எனக்கே சரியா கேக்காத குரல்ல ஆரம்பிச்சேன்.

"ஏம்மா, அன்னைக்கு ஒரு..."

"ஒண்ணுதாண்ணே. ஒரே சத்தம்தான். அக்காவுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

நான் கேள்வியை முடிக்கல. அக்காவைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. அவ காதைத் திருப்பல, என்னண்ணேன்னு கேக்கல. அந்தப் பதிலை அவ எம்புட்டு நாளா எனக்காக வச்சிருந்தாளோ.

நான் நிமுந்து பாத்தேன். அவ என்னைப் பாக்காம ரோட்டைப் பாத்துக்கிட்டிருந்தா. சத்தத்தை வச்சுப் பொழைக்கிறவன் நான். எனக்குத் தெரிஞ்சு போச்சு. ரெண்டு. நடுவுல நேரமும் இருந்திருக்கு. அந்த நேரத்துல என் பொண்டாட்டி என்ன செஞ்சா, என்ன சொல்லிக் கூப்பிட்டாங்கிறது இவளுக்குத் தெரியும். கேட்டா சொல்லியும் இருப்பாளோ என்னவோ. நான் கேக்கல. சரிம்மான்னு சொல்லிட்டுக் குனிஞ்சுக்கிட்டேன்.

புல்லரைப் போட்டுப் பழைய பேரிங்கை இழுத்தேன். உள்ள கிரீஸே இல்ல, துருத்தூள் கொட்டுச்சு. புதுசை அடிச்சு ஏத்தி, மாட்டி, வண்டியை ஓட விட்டேன். அந்தப் பொண்ணு ஏறி உக்காந்து காலை ஊன்றிப் பாத்தா. இப்ப நடுங்கலண்ணேன்னு சொன்னா. புருசன்காரர் வந்து வண்டியை எடுத்தாரு. வண்டி திரும்புற வரைக்கும் அவ என்னைப் பாத்துக்கிட்டே போனா. நல்ல பொண்ணு. அவ மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

அன்னைக்குச் சாயங்காலம் கடையை அடைச்சுட்டு உக்காந்து மகளுக்குப் போன் போட்டேன். டூட்டி முடிஞ்சு ஹாஸ்டலுக்கு நடந்துக்கிட்டிருக்கேன்பா, சாப்பிட்டீகளான்னு கேட்டா. சாப்பிட்டேன்னு சொன்னேன். அப்புறம், அந்த ஆபீஸ்ல மூணாவது ரூம்ல இருந்த பொண்ணையே பாத்து விசாரிச்சேம்மான்னு சொன்னேன். அவ நடக்கிற செருப்புச் சத்தம் நின்னுச்சு.

"ஒரே சத்தம்தானாம்மா. அம்மாவுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

எதையும் ஒண்ணுக்கு நாலா கேக்குறவ அவ. யாரு அந்தப் பொண்ணு, எங்க பாத்தீக, அவளே சொன்னாளான்னு கேப்பா, பதில் சொல்லணும்னு மத்தியானத்துல இருந்து மனசுக்குள்ள கட்டி வச்சிருந்தேன். அவ ஒண்ணும் கேக்கல. சரிப்பான்னா. கொஞ்சம் இருங்க, ரோட்டுல லாரி வருதுன்னா.

லாரி எதுவும் வரல. அவ போனைக் கையால பொத்துனது எனக்குக் கேட்டுச்சு.